எழுதிக் கொடுக்காதவர்களின் கணக்கு

பெரிய மார்க்கெட்டில் நான் மீன் வாங்குவது ஒரே அக்காவிடம்தான். பக்கத்துக் கூடைகளில் எல்லாம் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசினால் ஐம்பது ரூபாய் மிச்சமாகலாம். அதற்குள் வெயில் ஏறிவிடும். "நீ பாக்கவே வேணாம் தம்பி, விடியக்காலையில வந்தது" என்பார் அக்கா. நானும் பார்ப்பதில்லை.

வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1961-ல் வேறு பெயர் வைத்தார். விலையை விசாரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. அலைச்சலுக்கு ஆகும் செலவு அதில் கிடைக்கும் லாபத்தைத் தாண்டும் இடத்தில் தேடுவதை நிறுத்திவிடுவதே சரி என்றார். அவருக்கு முன்பே, 1957-ல், ஆந்தனி டவுன்ஸ் இதே கணக்கை ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுபோயிருந்தார். என் ஒரு ஓட்டால் முடிவு மாறப்போவதில்லை என்றால், நான்கு கட்சிகளின் தேர்தல் அறிக்கையையும் எதற்காக உட்கார்ந்து படிக்க வேண்டும்? தெரியாமல் இருப்பதே லாபம் என்று கணக்குப் பார்த்துத் தெரியாமல் இருப்பது இது.

இந்தக் கணக்கு ஒரு ஊரையே தொட்ட கதை புதுச்சேரியில் இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைவதா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டுப் போட்டவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். சாதாரண ஜனங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் பிரான்சும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோதுதான் முடிவு தனித்தனி ஆளின் தலையில் விழுந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள், பிரெஞ்சுக் குடியுரிமை தொடர வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் இந்தியர்.

1961 கணக்கெடுப்பில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 69 ஆயிரம் பேர். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 5,000 பேர்.

'விவரம் தெரியாத ஜனங்கள்' என்று இதை ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியராவதையே மனமார விரும்பியவர்கள் பலர். மற்றவர்களில் ஒரு நெசவாளியையோ நடவுக்காரரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று விசாரிக்க ஒரு நாள் கூலி போகும், பிரெஞ்சு தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். இத்தனையும் செய்து கிடைப்பது, வாழ்நாளில் பார்க்கப்போகாத ஒரு நாட்டின் காகிதம். அல்ஜீரியப் போர் அந்த ஆண்டுதான் முடிந்திருந்தது. பிரான்ஸ் என்றால் பட்டாளம் என்பதுதான் பலருக்கு நினைவு. பின்னாளில் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு வரும் என்பதை அன்று யார் கண்டது? ஒப்பந்தத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டவர்களில் முக்கியமானவர்கள் 'சொல்தா' என்று ஊர் அழைக்கும் பிரெஞ்சு ராணுவத்தார். அவர்களுக்குப் பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது, அதனால் விசாரித்தார்கள். இரண்டு தரப்பாரும் போட்டது ஒரே கணக்கு, விடைதான் வேறு.

விசாரிக்காமல் இருப்பவர்களுக்காக முன்கூட்டியே ஒரு விடையை எழுதி வைத்திருப்பவர் யார் என்பதே உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயம். அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர விண்ணப்பிக்க வேண்டியிருந்தபோது, புதிய ஊழியர்களில் பாதிப்பேர்கூடச் சேரவில்லை. 'வேண்டாம் என்று எழுதித் தராவிட்டால் தானாகச் சேர்ப்போம்' என்று விதியைத் திருப்பியதும் சேர்க்கை 86 சதவீதமானது. பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷியா இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இது. சலுகை மாறவில்லை, சும்மா இருப்பதற்கு உரிய விடை மட்டும் மாறியது.

1962 ஒப்பந்தத்திலும் அப்படி இரண்டு விடைகள் இருந்தன. புதுச்சேரியில் பிறந்த அண்ணன் தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் ஊரிலேயே இருக்கிறார், தம்பி சைகோனில் வேலை பார்க்கிறார். இருவருமே ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை, எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. 1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிந்தது. அண்ணன் இந்தியர், வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி நேர்மாறாக இருந்ததால், தம்பி பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடித்தார்.