கமெராவின் சிறைவாசம்

வெண்திரையிலே குதிரை பாய்ந்தோடுவதைக் கண்டு நாம் மெய்ம்மறக்கிறோம். அக்குதிரையுடன் கூடவே ஓடிப் படம் பிடித்த கருவியை எண்ணுவார் மிகச் சிலரே. அது ஓடக் கற்றுக்கொண்டது ஒரே நாளில் அன்று. கட்டுண்டு கிடந்தும், விடுபட்டும், மீண்டும் சிறைப்பட்டும் அது வளர்ந்த வரலாறு கதையினும் சுவையானது.

சினிமாக் கமெராவினுள்ளே பிலிம் இடைவிடாது ஓடுவதில்லை. அது ஒரு கணம் நிற்கும்போது மூடி திறந்து ஒளி விழுகிறது. மூடி அடைத்ததும் கொக்கி போன்ற பற்கள் பிலிமின் ஓரத்துத் துளைகளைப் பற்றி அதனைக் கீழே இழுக்கின்றன. இவ்வாறு பதிந்த அசையாப் படங்களை விரைந்து காட்டும்போது, நம் கண்ணும் மூளையும் அவற்றை ஒரே அசைவாகக் கொள்கின்றன.

அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுகூடத்தில் டிக்சன் என்பார் உருவாக்கிய 'கினெற்றோகிராப்' மின்சாரத்தால் இயங்கியது; பெரும் பாரமுடையது. அதற்கென 1893இல் ஒரு கரிய கொட்டகையே எழுந்தது. சூரியன் செல்லும் திசைக்கேற்பக் கொட்டகை முழுவதையும் சுழற்றினார்கள். நடனமாடுவோரும் வித்தை காட்டுவோரும் அங்கே வந்து நின்றனர். உலகம் கமெராவைத் தேடிச் செல்லவேண்டிய காலம் அது.

பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர் இந்நிலையை மாற்றினர். அவர்களது 'சினிமாற்றோகிராப்' ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள மரப்பெட்டி. கைப்பிடியைச் செக்கனுக்கு இரு முறை சுழற்றினால் 16 படங்கள் பதியும். பிலிமை இழுக்கும் பொறிக்குத் தையல் இயந்திரமே வழிகாட்டியது. படம் பிடிக்கவும், பிரதி எடுக்கவும், திரையிற் காட்டவும் அவ்வொரு பெட்டியே போதுமாயிற்று. 1895ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரத்தவர் கட்டணம் செலுத்தி அதன் காட்சியைக் கண்டனர். 1896 யூலையில் பம்பாயிலும் அது காட்டப்பட்டது.

கமெரா மெல்ல நடமாடத் தொடங்கியது. 1924இல் ஜெர்மனியில் முர்ணோ இயக்கிய 'கடைசி மனிதன்' படத்துக்காகக் கார்ல் பிறொயின்ட் கமெராவைத் தம் உடலிலே கட்டிக்கொண்டு நடந்தார்.

அந்தோ! அந்தச் சுதந்திரம் நீடிக்கவில்லை. 1927இல் 'ஜாஸ் பாடகன்' வெளிவந்து பேசும் படத்துக்கு வழி திறந்தது. கமெராவின் கடகட ஓசை ஒலிவாங்கியிற் புகுந்துவிடும் என்று அஞ்சி, கருவியையும் படப்பிடிப்பாளரையும் ஒலி வெளியேறாத கூண்டுக்குள் அடைத்தார்கள். உள்ளே வெப்பம் தாங்கமுடியாதது. பேசக் கற்ற சினிமா நடக்க மறந்தது!

பின்னர் கூண்டுக்குப் பதிலாகக் கமெராவுக்கு மட்டும் ஒலியடக்கும் உறை வந்தது. 1937இல் ஜெர்மனியில் 'அரிபிளெக்ஸ்' அறிமுகமாயிற்று. அதன் சுழலும் மூடியில் ஆடி பொருத்தப்பட்டிருந்தமையால், வில்லை காண்பதையே படப்பிடிப்பாளரும் கண்டார். கையிலேந்தக்கூடிய அக்கருவி எங்கும் செல்ல வல்லது.

கமெரா வெளியே செல்வதால் விளையும் நன்மை யாது? நம் நாட்டிலேயே விடையுண்டு. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ' தென்னிந்தியக் கலையகத்தில் உருவானது. அதன் பின் வந்த படங்கள் பலவும் அவ்வாறே. இலங்கையின் கதை, இலங்கையின் வெயிலையும் மரத்தையும் காணாமலே திரைக்கு வந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், படப்பிடிப்பாளர் வில்லியம் பிளேக்குடன் கலையகத்தைத் துறந்து வெளியே சென்று 'ரேகாவ'வை எடுத்தார். திரையிலே உண்மையான கிராமம் தோன்றியது. அடுத்த ஆண்டு கான் விழாவின் போட்டியிலும் அப்படம் இடம்பெற்றது.

எஞ்சியிருந்த தளைகளும் பின்னர் அறுந்தன. 1970களில் அமெரிக்கரான கரட் பிறவுண் அமைத்த 'ஸ்ரெடிகாம்', நடப்பவரின் குலுக்கம் படத்திற் படாமற் காத்தது. 1,000 அடிப் பிலிம் சுருள் 11 நிமிடங்களில் முடிந்துவிடும். இலக்கமுறைப் பதிவு அந்த வரம்பையும் நீக்கியது. 2002இல் வெளிவந்த 'ரஷ்யப் பேழை' முழுவதும் ஒரே தொடர்காட்சியாக எடுக்கப்பட்டது.

இன்று கைத்தொலைபேசியிலேயே கமெரா இருக்கிறது. பாரமும் ஓசையும் நீளமும் இனித் தடையல்ல. மாணவர்களே, அதனை நம் முகத்தை நோக்கியே திருப்பிக்கொண்டிருந்தால், விடுதலை பெற்ற கருவியை நாமே மீண்டும் சிறையில் அடைத்தவராவோம். முற்றத்திலே கதை சொல்லும் பாட்டியையும், கடற்கரையில் வலையிழுப்போரையும் நோக்கி அது ஒருமுறை திரும்பட்டும்.