பேசிக்குக்குத் துணையாக இயந்திர மொழி

சாந்தன்பாறையில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு மாலையில், விடுமுறைக்கு வந்திருந்த பேரனின் டி.ஐ.-83 பிளஸ் வரைபடக் கால்குலேட்டரைக் கையில் எடுத்தேன். 1999-இல் வெளிவந்த மாடல். என் மகள் அமெரிக்காவில் படித்தபோது வாங்கியது. நான்கு சிறிய பேட்டரிகள் போதும்.

ரயில்வேயில் இருந்தபோது நான் அதிகம் போட்ட கணக்கு, வளைவுப் பாதையைச் சீர் செய்யும் கணக்கு. தண்டவாளத்தில் 20 மீட்டர் நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் உள்ள இடைவெளியை அளப்போம். அதற்கு வெர்சைன் என்று பெயர். 50 மில்லிமீட்டர் வந்தால் வளைவின் ஆரம் 1000 மீட்டர். வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு முறை தொடர்ந்து கூட்டி, இரண்டால் பெருக்கினால் பாதையை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரியும். ஓரிடத்தில் மாற்றினால் அதற்குப் பிறகு வரும் எல்லா இடமும் மாறும். மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டும்.

இதைப் பேசிக் மொழியில் எழுதினேன். சரியாகத்தான் வந்தது, ஆனால் ஆமை வேகம். காரணம் எளிது. பேசிக்கில் ஒவ்வொரு வரியையும் கருவி ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்துப் பொருள் கொள்கிறது. சாதாரண எண்ணைக்கூட 9 பைட்டுகளில் தசம எண்ணாக வைத்துக் கூட்டுகிறது. என் அளவுகளோ மில்லிமீட்டரில் முழு எண்கள். உள்ளே இருக்கும் இசட்-80 சில்லு இரண்டு முழு எண்களை ஒரே கட்டளையில், 11 துடிப்புகளில் கூட்டிவிடும். விநாடிக்கு 60 லட்சம் துடிப்பு என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கேள்வி கேட்பதையும் விடை காட்டுவதையும் பேசிக்கிடமே விட்டுவிட்டு, கூட்டலை மட்டும் அசெம்பிளியில் எழுதினேன். பதினாறடிமான எண்களாகத் தட்டி, முடிவில் 'திரும்பிப் போ' என்பதற்கு சி9 போட்டு, பேசிக்கிலிருந்து 'ஏ.எஸ்.எம்.' கட்டளையால் அழைக்க வேண்டும்.

ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன். பேசிக்கில் தவறினால் கருவி பிழை என்று சொல்லி நிற்கும். இயந்திர மொழியில் தடுப்பார் இல்லை. திரை ஒருமுறை மின்னி, நினைவகம் அழிந்துவிட்டதென்ற செய்தி வந்தது. பேரன் மூன்று மாதமாக எழுதிய நிரல்கள் அத்தனையும் போயின.

அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "விடுங்க தாத்தா, எப்படி எழுதினேன்னு தலையில இருக்கு" என்றான். நான்கு நாட்கள் இருவருமாக உட்கார்ந்து திரும்ப எழுதினோம். பழைய நிரலில் இருந்த ஒரு பிழையையும் அவனே கண்டுபிடித்தான். முடிந்ததும் எல்லாவற்றையும் 'ஆர்க்கைவ்' பகுதிக்கு மாற்றினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை!

பிள்ளைகளுக்குக் கால்குலேட்டர் வாங்கித் தரும் பெற்றோருக்கு ஒரு செய்தி. தேர்வில் முறைகேடு நடக்கும் என்ற கவலையால், டி.ஐ.-84 பிளஸ் சி.இ. மாடலில் இந்த வசதியை 2020-இல் வந்த புதிய மென்பொருள் நீக்கிவிட்டது. பழைய கருவி வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். கூட்டல் என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்பதை உள்ளங்கையில் வைத்துக் காட்ட, அதைவிட நல்ல ஆசான் கிடைப்பது அரிது.