சக்கரம் பூட்டாதிருக்க: மோட்டார் சைக்கிளின் ஏ.பி.எஸ். விளக்கு உணர்த்தும் செய்தி

கேமரன் மலையின் வடபகுதியில், கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் கம்போங் ராஜா அமைந்துள்ளது. இங்கிருந்து மேற்கே செல்லும் சாலை சிம்பாங் பூலாய்க்கும் ஈப்போவிற்கும் இறங்குகிறது. கிழக்கே செல்வது லோஜிங் வழியாகக் குவா மூசாங்கை அடைகிறது. தெற்கே செல்வது பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களைக் கடந்து தாப்பாவிற்கு இறங்குகிறது. எத்திசையில் சென்றாலும் இறுதியில் இறக்கம் உண்டு. புளூவேலி தேயிலைத் தோட்டத்தாருக்கும் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களில் உழைப்போருக்கும் மோட்டார் சைக்கிள் அன்றாடத் துணை. மூடுபனியும் மழையும் லாரிச் சக்கரங்கள் கொண்டுவந்து இடும் சேறும் சேர்ந்து வளைவுகளை வழுக்கலாக்கும் இச்சாலைகளில், பிரேக் என்பது உயிரோடு தொடர்புடைய பொருளாகிறது.

இத்தகைய சாலையில் செல்லும்போது வண்டியின் முகப்பில் மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? சிலர் பிரேக்கே போய்விட்டதென அஞ்சுகின்றனர். சிலர், வண்டி ஓடத்தானே செய்கிறது என்று மாதக்கணக்கில் பொருட்படுத்தாது விடுகின்றனர். வேறு சிலர் பட்டறையில் கேட்ட “சென்சார் போய்விட்டது” என்னும் ஒரு தொடரை நம்பி, தேவையற்ற பொருளுக்குக் கூலிப்பணத்தைச் செலவிடுகின்றனர். அச்சம், அலட்சியம், வீண்செலவு ஆகிய மூன்றிற்கும் வேர் ஒன்றே: அவ்விளக்கின் பொருள் நமக்குத் தெளிவாக விளங்கவில்லை. அப்பொருளை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட்டுதலும் விடுவித்தலும்

உருளும் சக்கரம் சாலையைப் பற்றிக்கொண்டு செல்கிறது. பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால், வண்டி நிற்பதற்கு முன்னரே சக்கரம் நின்றுவிடும். இதனையே சக்கரம் பூட்டிக்கொள்ளுதல் என்கிறோம். பூட்டிய சக்கரம் உருளாமல் சறுக்குகிறது. திருப்பும் திசைக்கும் கட்டுப்படுவதில்லை. நான்கு சக்கர வாகனம் சறுக்கினாலும் நிமிர்ந்தே நிற்கும். இரு சக்கர வாகனத்தின் நிலைப்போ முன்சக்கரம் உருண்டு திரும்புவதைப் பொறுத்தது. ஆகவே முன்சக்கரம் பூட்டிக்கொண்டால், ஓட்டுநர் நிலைமையை உணர்வதற்குள் வண்டி சாய்ந்துவிடுகிறது.

ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு முறை இந்த இடத்தில்தான் பணிபுரிகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல்வளையம் ஒன்று உண்டு. அதன் அருகே அசையாமல் பொருத்தப்பட்ட சென்சார், பற்கள் கடந்து செல்லும் வேகத்தைக் கணக்கிட்டு மின்குறியாக அனுப்புகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதைக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்தவுடன், அச்சக்கரத்தின் பிரேக் எண்ணெய் அழுத்தத்தைக் குறைத்து மீண்டும் கூட்டுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இது நிகழ்வதால், கைப்பிடியில் மெல்லிய துடிப்பை உணர்கிறோம். சில வண்டிகளில் இக்காப்பு முன்சக்கரத்திற்கு மட்டுமே உண்டு. நம் வண்டி எவ்வகையென அறிந்துகொள்வது நன்று.

இக்கருவிக்கு ஒரு வரலாறு உண்டு. 1958-ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம், விமானங்களுக்கென உருவாக்கப்பட்ட மாக்சரெட் என்னும் பூட்டுத் தடுப்புக் கருவியை ராயல் என்ஃபீல்டு வண்டி ஒன்றில் பொருத்திச் சோதித்தது. சென்னையில் 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகத் தமிழர் நன்கறிந்த பெயரே அது. அச்சோதனை அன்று உற்பத்தியாக மலரவில்லை. 1988-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கே100 வண்டியில் மின்னணு முறையிலான ஏ.பி.எஸ்ஸைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வாகனங்களின் புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரலிலும், விற்பனையாகும் ஏனைய புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலும் இது கட்டாயமாயிற்று. மலேசியப் போக்குவரத்து அமைச்சும் 150 சிசி முதலான புதிய மாதிரிகளுக்கு 2025 ஜனவரி முதல் இதனைக் கட்டாயமாக்குவதாக அறிவித்தது. எனவே ஒரு காலத்தில் விலையுயர்ந்த வண்டிகளில் மட்டுமே காணப்பட்ட இவ்விளக்கு, இனி எளியோர் வண்டியிலும் ஒளிரும்.

விளக்கின் இயல்பு

சாவியைத் திருப்பியவுடன் இவ்விளக்கு எரிவது இயல்பே. கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. வண்டி நகர்ந்து, மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தை எட்டி, சென்சார்களின் குறிகள் சரியாக வந்து சேர்ந்த பின்னரே பெரும்பாலான வண்டிகளில் விளக்கு அணையும். ஆதலால் நின்ற நிலையில் எரியும் விளக்கைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையெனில், அதுவும் ஒரு பழுதே. எச்சரிக்க வேண்டிய விளக்கு ஊமையாகிவிட்டது என்பது அதன் பொருள்.

ஓடும்போதும் விளக்கு அணையாதிருந்தால், கருவி தன்னிடத்தில் ஏதோ ஒரு குறையைக் கண்டு விலகிக்கொண்டது என்று கொள்ள வேண்டும். வழக்கமான பிரேக் அப்போதும் பணிபுரியும். பூட்டுதலைத் தடுக்கும் காவல் மட்டுமே இல்லை. வீட்டுக் கதவு இருக்கிறது, காவற்காரர் இல்லை என்பது போன்ற நிலை அது. ஆயினும் இதனை உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை தேவை. வண்டியை நிறுத்தி, முன், பின் பிரேக்குகளை அழுத்திப் பார்க்க வேண்டும். கைப்பிடி மெத்தென்று உள்ளே சென்றாலோ, எண்ணெய்க் கசிவு தென்பட்டாலோ, எண்ணெய்ப் புட்டியில் அளவு குறைந்திருந்தாலோ, அது பிரேக்கின் பழுதாகும். அவ்வண்டியை ஒரு வளைவு தூரம்கூட ஓட்டலாகாது.

எளியதிலிருந்து அரியதை நோக்கி

பிரேக் உறுதியாக இருப்பின், அமைதியாகக் காரணத்தைத் தேடலாம். செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு மிகுந்ததை இறுதிக்கு விடுவதே முறை.

முதலாவதாக, எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரத்தை மட்டும் சுழலவிட்டாலோ, சேற்றில் பின்சக்கரம் சிறிது நேரம் வீணே சுழன்றாலோ, இரு சக்கரங்களின் வேகமும் பொருந்தாமையைக் கருவி பழுதெனக் கருதிவிடும். அத்தகைய விளக்கு மறுமுறை ஓட்டும்போது தானே அணைந்துவிடும்.

இரண்டாவதாக, சக்கரங்களின் நடுப்பகுதியை உற்று நோக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் சேறு பல்வளையத்தின் இடைவெளிகளில் உறைந்திருக்கலாம். பிரேக் தேய்மானத்தின் இரும்புத் துகள் சென்சார் முனையில் ஒட்டியிருக்கலாம். மென்மையான தூரிகையும் நீரும் கொண்டு துடைத்தால் போதும். வேகமாகப் பீய்ச்சும் நீரை அங்கே நேராகச் செலுத்துதல் கூடாது. அண்மையில் டயர் மாற்றியிருந்தால், கம்பி பட்டு வளையம் வளைந்துள்ளதா, சென்சாரின் திருகாணி தளர்ந்துள்ளதா, மின்கம்பி எங்கேனும் உராய்ந்து அறுபட்டுள்ளதா எனவும் நோக்க வேண்டும். சென்சாருக்கும் வளையத்திற்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. அதன் சரியான அளவை அவ்வண்டியின் கையேடு கூறும்.

மூன்றாவதாக, பேட்டரியைச் சோதிக்க வேண்டும். போதிய மின்னழுத்தம் இன்றேல் கருவி விலகிக்கொள்ளும். ஓய்விலுள்ள நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும். குளிரில் பேட்டரியின் வலு குறையும். ஆதலால் காலையில் எரிந்து நண்பகலில் அணையும் விளக்கு, கேமரன் மலை போன்ற இடத்தில் முதலில் பேட்டரியை ஐயுறச் செய்கிறது. முனைகளில் படியும் வெண்பொடியையும் துடைத்தல் வேண்டும்.

நான்காவதாக, ஃபியூஸைப் பார்க்க வேண்டும். எரிந்திருப்பின் அதே அளவுள்ள ஒன்றை ஒருமுறை மாற்றலாம். அதுவும் எரிந்துவிட்டால், பெரிய ஃபியூஸையோ கம்பித் துண்டையோ வைப்பது வண்டியையே எரிப்பதற்கு ஒப்பாகும். எங்கோ மின்கம்பி உடலைத் தொடுகிறது என்பதையே அது அறிவிக்கிறது.

ஐந்தாவதாக, மின் இணைப்பிகளைக் கழற்றிப் பார்க்கலாம். ஈரப்பதம் மிகுந்த மலைக்காற்றில் செம்பு முனைகள் பச்சை படர்ந்து போவதுண்டு. பேரிங் தேய்ந்து சக்கரம் ஆடினாலும், கையேட்டில் குறித்த அளவல்லாத டயரைப் பொருத்தினாலும், சென்சார் காட்டும் கணக்குப் பிழைபடும்.

குறியெண் குற்றவாளியைக் கூறுவதில்லை

இவற்றிற்குப் பின்னும் விளக்கு அணையாவிடில் பட்டறையை நாட வேண்டியதுதான். அங்கே கருவியைப் பொருத்திப் பழுதுக் குறியெண்ணைப் படிப்பர். இங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. ‘முன்சக்கர சென்சார்’ எனக் குறியெண் காட்டினால், உடனே சென்சாரை மாற்றிவிடுகின்றனர். ஆனால் அக்குறியெண் கூறுவது, அவ்விடத்திலிருந்து சரியான குறி வந்து சேரவில்லை என்பதை மட்டுமே. சேறு, வளைந்த வளையம், தளர்ந்த திருகாணி, அறுந்த கம்பி, தேய்ந்த பேரிங் ஆகிய ஐந்தும் அதே எண்ணையே காட்டக்கூடும். கடிதம் வந்து சேரவில்லை என்பதால் எழுதியவர் மாண்டார் என முடிவு கட்டுவதில்லை; வழியில் என்ன நேர்ந்தது என்றே முதலில் விசாரிக்கிறோம்.

ஆதலின், “கம்பியைச் சோதித்தீர்களா? வளையத்தைப் பார்த்தீர்களா? பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுகிறது?” என்று நாம் பணிவாகக் கேட்க வேண்டும். நல்ல பணியாளர் இவ்வினாக்களை வரவேற்பார். பொருளின் பெயரும் பணியும் நம் மொழியில் நமக்கு விளங்கினால்தான் இவ்வாறு கேட்கும் துணிவு பிறக்கும்.

அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அலகே இக்கருவியில் விலை மிக்க பகுதி. அதனை மாற்றும் முடிவு எப்போதும் இறுதியாகவே இருத்தல் வேண்டும். அதனைக் காக்கும் வழி எளியது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஈரம் கலந்த எண்ணெய் அலகின் நுண்ணிய வால்வுகளை அரிப்பதோடு, நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது விரைவில் கொதித்துக் குமிழிவிடும். எண்ணெய் குமிழிவிட்டால் பிரேக்கும் தளரும். பொதுவாக ஈராண்டிற்கு ஒருமுறை, கையேடு குறிக்கும் வகையையே ஊற்றி மாற்றுதல் நன்று.

விளக்கு எரியும் வண்டியோடு மலை இறங்குதல்

பழுது நீங்கும் முன் இறங்கியே ஆக வேண்டிய நிலையும் வரலாம். அப்போது காவலில்லாத வண்டியை ஓட்டுகிறோம் என்னும் நினைவு நீங்காதிருக்க வேண்டும். குறைந்த கியரில் எஞ்சினின் தடையைப் பயன்படுத்தி இறங்குதல், முன் செல்லும் வாகனத்திற்கு வழக்கத்தினும் மிகுதியான இடைவெளி விடுதல், வளைவிற்குள் நுழையும் முன்பே நேரான பகுதியில் வேகத்தைக் குறைத்தல், இரு பிரேக்குகளையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துதல் ஆகியன கைக்கொள்ளத் தக்கவை. கனமழையாயின் காத்திருத்தலே அறிவு. விளக்கின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறைப்பதால் பழுது நீங்குவதில்லை. அடுத்து அவ்வண்டியை ஓட்டும் மகனோ தம்பியோ அதனை அறியாமல் இறங்குவதற்கே அது வழிகோலும்.

ஏ.பி.எஸ். சீராக இருந்தாலும் அது எல்லாம் வல்லதன்று என்பதையும் நினைவிற்கொள்வோம். சரளைக் கற்கள் பரவிய தரையில் நிற்கும் தூரத்தை அது குறைக்காது; நீட்டவும் கூடும். வளைவில் மிகுதியாகச் சாய்ந்த வண்டியை அதன் எளிய வகைகள் முற்றிலும் காப்பதில்லை.

தொகுத்து நோக்கின், அம்மஞ்சள் விளக்கு கூறுவது ஒன்றே: “பிரேக் உண்டு, காவல் இல்லை, காரணத்தைத் தேடுக.” அதனைப் படிக்கக் கற்றவர் வீணே அஞ்சுவதில்லை, வீணே செலவிடுவதில்லை, பொருட்படுத்தாது விடுவதுமில்லை. நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது, சாவியைத் திருப்பி விளக்கு எரிகின்றதா என்றும், சிறிது தூரம் சென்றதும் அணைகின்றதா என்றும் நாம் ஒவ்வொருவரும் நோக்குவோமாக. ஒரு நிமிடமும் ஆகாத அப்பழக்கம், மழைநாளில் சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கும் ஒருவரை வீடு சேர்க்க வல்லது.