உங்களுக்குத் தெரியுமா? ரத்தப் புரதங்களில் ஆட்டிசத்தின் தடயம்

● 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒன்றரை வயது முதல் 8 வயது வரையிலான 154 சிறுவர்களின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. அவர்களில் 76 பேருக்கு ஆட்டிசம் இருந்தது.

● அலசிய 1,125 புரதங்களில் 138 புரதங்களின் அளவு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே வேறுபட்டது.

● குறிப்பிட்ட 9 புரதங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களைப் பெருமளவு இனங்காண முடிந்தது.

● இந்த ஆய்வில் சிறுமிகள் இடம்பெறவில்லை. எனவே, எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்துமா என்பதைப் பெரிய ஆய்வுகள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

● இன்றும் குழந்தையின் நடத்தையை வைத்தே ஆட்டிசம் கண்டறியப்படுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தையைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சீக்கிரம் தொடங்கும் பயிற்சி நல்ல பலன் தரும்.