நனைந்த நுரையீரலின் கோடுகள்

பூரணை இரவுகளில் மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து எழும் 'பாடும் மீன்' இசையைக் கேட்க விரும்புவோர், கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு பொருத்திக்கொள்வது நெடுநாள் வழக்கம். 1848 செப்டம்பரில் இங்கு வந்த இலங்கைக் காலனிச் செயலாளர் எமர்சன் டெனன்டும், தோணியின் மரத்திற் காதை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதென எழுதிவைத்தார். நீருக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடுமாதலால், அவ்வெல்லையைக் கடக்க மரம் வேண்டியிருந்தது.

சனங்கள் 'ஸ்கான்' என்று வழங்கும் கழியொலிக் கருவிக்கும் இதே இடையூறு உண்டு. தோலின்மேற் பூசும் ஜெல்தான் அங்கே துடுப்பு. ஆயினும் உள்ளே நுரையீரல் முழுவதும் காற்றாயிருப்பதால், ஒலி அதன் மேலுறையிற் பட்டவுடன் திரும்பி, தோலுக்கும் உறைக்கும் இடையே மீண்டும் மீண்டும் எதிரொலித்துத் திரையிற் கிடைக்கோடுகளை மட்டுமே வரையும். எனவே நுரையீரலுக்கு ஸ்கான் உதவாதென்றே வைத்திய உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. பிரான்சின் தீவிர சிகிச்சை வைத்தியர் டானியல் லிக்டென்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1997இல், அப்பொய்த் தோற்றத்திலேயே மெய்ப்பொருள் இருப்பதை எடுத்துக்காட்டினர்: நுரையீரலில் நீர் ஊறினால் கிடைக்கோடுகள் அழிந்து, வால்வெள்ளியின் வாலைப்போன்ற நெடுங்கோடுகள் மேலுறையிலிருந்து திரையின் அடிவரை மங்காது இறங்கி, மூச்சோடு அசையும். இவற்றை 'பீ கோடுகள்' என்பர். குறையையே குறியாகக் கொண்ட இந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நடுச்சாமத்தில் முட்டு என்று ஒரு முதியவரைக் கொண்டுவருகிறார்கள். தொய்வா, இதயத் தளர்ச்சியா? இதயத்தின் இடப்பக்கம் இரத்தத்தை முன்தள்ளமாட்டாதபோது நுரையீரல் நாளங்களில் அமுக்கம் ஏறி, கசியும் நீர் காற்றறைகளின் இடைச்சுவர்களை நனைக்கிறது; காதுக்கு இரண்டும் இழுப்பாகவே கேட்கலாம், மருந்தோ வேறு வேறு. படுக்க இயலாது குந்தியிருக்கும் அவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிச் செல்லாமல், இருந்த இருப்பிலேயே மார்பின் பக்கத்துக்கு நான்கு இடங்களைச் சில நிமிடங்களிற் பார்த்துவிடலாம்: ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ கோடுகள் தெரிந்தால் அவ்விடம் நனைந்தது, இருபுறமும் இரண்டிடமாவது அவ்வாறிருந்தால் சந்தேகம் இதயத்தின்மேல் விழுகிறது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வுத்தொகுப்பின்படி, இதயத் தளர்ச்சியுற்ற நூறு பேரில் இம்முறை 88 பேரை இனங்கண்டது. எக்ஸ்ரே 73 பேரை.

நியூமோனியாவிலும், நுரையீரல் தழும்பிலும், சிறுநீரகம் பழுதுற்று உடலில் நீர் மிகும்போதும் இக்கோடுகள் தோன்றுமாதலின், வைத்தியர் கருவியை இதயத்தின்மேலும் நகர்த்திப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். நீரிறக்கும் மருந்து ஏறி, சிறுநீர் பிரியப் பிரிய, அதே திரையில் நெடுங்கோடுகள் ஒவ்வொன்றாய்க் குறைந்து, பழைய கிடைக்கோடுகள் திரும்பிவரும்.