வாடகைக்குக் கணினித் திறன்: வணிகர் கவனத்திற்கு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாரம் ஒரு லோடு காய் எடுக்கும் வியாபாரி அதற்காக லாரி வாங்குவதில்லை, வாடகைக்குப் பிடிக்கிறார். கணினித் திறனும் இன்று அப்படியே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது.

சாதாரண கம்ப்யூட்டரின் சி.பி.யு. ஒரு தேர்ந்த கணக்குப்பிள்ளை. சிக்கலான வேலைகளையும் வரிசையாக முடிக்கும். ஜி.பி.யு. என்பது ஒரே நேரத்தில் மூட்டை இறக்கும் ஆயிரம் சுமைதூக்குவோர் போல. ஒரே மாதிரியான சிறு கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒருசேரப் போடும். முதலில் திரையில் படம் காட்டப் பயன்பட்டது. கையெழுத்துச் சிட்டையைப் படிக்கவும், தமிழில் சொல்லும் ஆர்டரைப் புரிந்துகொள்ளவும் கணினியைப் பழக்க இன்று இதுவே உதவுகிறது.

உயர்ரக ஜி.பி.யு. ஒன்றின் விலை பல லட்சம் ரூபாய். மத்திய அரசின் இந்தியா ஏ.ஐ. திட்டத்தில் 2025 ஜனவரியில் அறிவித்த சராசரி வாடகையோ மணிக்கு ரூ.115.85. தகுதி பெறுவோருக்கு 40 சதவீதம் வரை மானியமும் உண்டு.

இந்தக் கணக்கில் 10 மணி நேர வேலைக்கு ரூ.1,158.50 ஆகும். வேலை முடிந்தும் நிறுத்த மறந்து 30 நாள் விட்டால் ரூ.83,412! லோடு இறக்கிய லாரிக்கு ஹால்டிங் கொடுப்பது போலத்தான். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, காம்போசிஷன் முறையில் உள்ளவர்கள் அதை வரவு எடுக்க முடியாது.

பில் போடவும் சரக்கிருப்புப் பார்க்கவும் கடையில் உள்ள கம்ப்யூட்டரே போதும். ஜி.பி.யு. வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம், மாதம் மொத்தம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.