செயலியில் சொல் தெளிவு

கைபேசிச் செயலியில் காணும் சொற்கள் சிலவே. ஆயினும் நம் பணம் போவதும் நிற்பதும் அவற்றைப் பொறுத்தே. 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்தபின் நூல் விலையையும் விதை விலையையும் நம்மில் பலர் கைபேசி வழியே செலுத்துகிறோம். அம்முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. இதை அறியாதோரிடம் 'பணம் பெற எண்ணை இடுக' என்று வஞ்சகர் கூற, எண்ணை இட்டவர் கணக்கிலிருந்தே பணம் போய்விடுகிறது. திரையில் தெளிந்த சொல் இருப்பின் அங்கத்தினர் எச்சரிக்கை அடைவர்.

ஆகவே, சங்கத்திற்குச் செயலி அமைக்குங்கால் நாம் கவனிக்க வேண்டியவை சில உள. பொத்தானில் 'சரி' என்று மட்டும் இருத்தல் போதாது, 'ரூ. 500 செலுத்துக' எனச் செயலும் தொகையும் தெரிதல் வேண்டும். 'பிழை நேர்ந்தது' என்பதால் பயனில்லை. 'பணம் செல்லவில்லை, கணக்கில் இருப்புக் குறைவு' என்பதே வழிகாட்டும். ஓரிடத்தில் 'தவணை' என்றும் பிறிதோரிடத்தில் 'கிஸ்தி' என்றும் ஒரே பொருளுக்கு இரு சொற்கள் வழங்கலாகாது. எழுதி முடித்தபின், தறியிலும் வயலிலும் உழைக்கும் அங்கத்தினர் சிலரைப் படித்துப் பார்க்கச் செய்வோமாக. அவர்கள் எங்கே தயங்குகின்றனரோ, அங்கே சொல்லைத் திருத்துவது நம் கடமை.